எடைமேடையில் நாற்பது சொல்

வேலந்தாவளம் எடைமேடையில்
அம்மாவுக்கு ராத்திரி ஷிப்ட்.
பூட்டிய வீட்டில் தனியே விடமாட்டாள் என்பதால்
எனக்கும்.

கிழித்து முடிந்த காலண்டர் அட்டையை
மடிமேல் வைத்துக்கொண்டு
பிழையாக அச்சான ரசீதுகளின் முதுகில்
எழுதுகிறேன், நாளைக்கு நாற்பது சொல்.
பிளஸ் டூ ஆங்கிலம், முதல் பகுதி,
சொல்லுக்கு ஒரு மார்க்.
சினானிம் கைக்குள் வந்தால்
ஆன்ட்டனிம் காலை வாரும்.

கண்ணாடிக்கு வெளியே
தக்காளி வண்டி மேடையேறுகிறது.
இரும்புப் பலகை ஒரு விரற்கடை தாழ்கிறது.
சிவப்பு எண்கள் குழம்பி, குதித்து,
பின்வாங்கி,
ஓரிடத்தில் நிற்கும்வரை
அம்மா மூச்சு விடுவதில்லை.

பெரிஷபிள் மட்டும்
ஒரே தடவையில் மனசில் ஏறியது.
செக்போஸ்ட்டில் மூன்று மணி நேரம் நின்ற வண்டியின்
பலகை இடுக்கில் ஒழுகும் சிவப்புத் தண்ணீர்.
ஸ்பெல்லிங்தான் இன்னும் வழுக்குகிறது.

கிராஸ், என்று வாய்விட்டுப் படித்தேன்.
அருவருப்பான, நாகரிகமற்ற.

அம்மா திரும்பாமலே சொன்னாள்:
"தப்பு. கிராஸ்னா மொத்தம்.
வண்டி, சரக்கு, டிரைவரு,
அவன் மடியில கட்டுன வெத்தலை, எல்லாஞ் சேத்தி.
டேருன்னா வெறும் வண்டி.
கழிச்சா நெட்.
பதினோரு வருசமா அடிக்கறேன், எனக்குத் தெரியாதா?"

எட்டாவதோடு நின்றவள்.
ஆங்கிலத்தில் அவளுக்கு மூன்றே சொல்;
மூன்றும் தினம் முந்நூறு தடவை
அவள் விரல் வழியாக ரசீதில் இறங்குபவை.
கைடை விரித்துக் காட்டினேன்.
அருவருப்பு என்றிருந்த இடத்தைக்
கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.
போகவில்லை.
"அச்சுப் பிழை" என்றாள்.

ஒன்றரை மணிக்கு வைக்கோல் லாரி.
கொழிஞ்சாம்பாறை குஞ்ஞுமோன்,
"ரமீஜாத்தா, பில்லு" என்று ஜன்னலில் கை நீட்டியவர்
என் தாளை எட்டிப் பார்த்தார்.
ரிலக்டன்ட்.
ஏழு தடவை எழுதி ஏழு தடவை மறந்த சொல்.

"இது மடியல்லே, மோளே?"

மடியா?
அட்டையை வைத்திருந்த மடியைக் குனிந்து பார்த்தேன்.
வெத்தலை கட்டிய மடியை நினைத்தேன்.

"ஜோலி செய்யான் மடி. எணீக்கான் மடி.
இப்ப எனிக்கு வண்டி எடுக்கான் மடி."
சொல்லிவிட்டு, உதாரணம் போதாதென்று,
தாடை கழன்றுவிடும்போல ஒரு கொட்டாவி.

அவர் போனபிறகுதான் நினைவு வந்தது:
தமிழ்ப் புத்தகத்தின் அருஞ்சொற்பொருளில்,
மடி: சோம்பல்.
படித்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன்,
மார்க் வாங்கிய மதியமே தொலைத்திருக்கிறேன்.
நாங்கள் பரீட்சைக்கு மட்டும் எடுக்கும் சொல்
ஒரு பர்லாங்கு தள்ளி
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
டீ குடிக்கிறது.

அதற்கப்புறம் ரிலக்டன்ட் மறக்கவேயில்லை.

பரீட்சையில் அது வரவில்லை.

கிராஸ் வந்தது.
எதிர்ச்சொல் தேர்ந்தெடுக்க.
ஒருவனுடைய பேச்சும் நடத்தையும் பற்றிய வாக்கியம்.
அ, ரிஃபைண்ட்.
ஈ, நெட்.
நடுவிலிருந்த இரண்டை நான் படிக்கவேயில்லை.

சரியான விடை தெரியும்.
தெரிந்தும் பேனா
பதினாறு சக்கர லாரி ஏறிய மேடைபோல
ஆடிக்கொண்டிருந்தது.
ஹால் சூப்பர்வைசர் இரண்டுமுறை என்னைக் கடந்துபோனார்.
ரிஃபைண்ட் என்று எழுதினேன்.
ஒரு மார்க்.

ராத்திரி, ரசீதுச் சுருளை மாற்றிக்கொண்டே
அம்மா கேட்டாள்,
"நம்ம சொல்லு ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சு. கிராஸுக்கு ஆப்போசிட்."

"என்ன போட்டே?"

"நெட்."

"பின்னே?" என்றாள்.
அதற்குள் பாலக்காட்டுப் பக்கமிருந்து
ஒரு காலி வண்டி மேடையேறிவிட்டது.
இருவரும் எண்களைப் பார்த்தோம்.
காற்று அதிகம் அன்றைக்கு.
நிற்க நேரமாயிற்று.